காஞ்சித் தறியும் நெஞ்சத் தளர்வும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மனந்தளர்ந்த நெசவாளர் தம் தளர்வைச் சொல்லிப் புலம்புவதில்லை. "இந்தத் தொழில் எங்களோடு போகட்டும்" என்பார். பேச்சு அத்துடன் முடியும். அச்சொல்லில் ஆத்திரமில்லை, அழுகையுமில்லை. கூலியையும் நாளையும் பலமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தவரின் தீர்ப்பே அதில் இருக்கிறது. ஊக்கம் குன்றியவரைச் சோம்பர் என மேடையில் இகழ்வோர் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாயால் வெளிப்படாத தளர்வு துணியில் வெளிப்படுகிறது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம். இரண்டிலும் தனித்தனி ஊடை (குறுக்கிழை) ஓடி, சேருமிடத்தில் இழையோடு இழை பின்னிக்கொள்ளும். இதற்கு ஊடையை ஓட்டும் நாடாக்கள் மூன்று வேண்டும். குழித்தறியில் அமர்ந்தவரின் இரு கைகள் போதா. அருகே துணையாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். துணையாள் எழுந்து போனால் தறி உடனே நின்றுவிடுவதில்லை. கரைக்கும் உடலுக்கும் ஒரே ஊடை ஓடும் எளிய சேலைக்கு அது இறங்கி வருகிறது. வாங்குவோர்க்கு அதுவும் பட்டே, அதிலும் சரிகையே. நெய்தவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது கைதேர்ந்தவருக்கு மட்டுமே தெரியும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. அத்துணையிடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தோரிற் பலர் சிறுவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியடியில் கட்டுண்ட பிள்ளைகளின் நிலையை மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை உலகறிய உரைத்தது. அவர்கள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றது இழப்பன்று. அதற்காக வருந்தும் கலையன்பு நமக்கு வேண்டா. அவ்விடத்துக்கு வளர்ந்த ஆளொருவருக்குரிய கூலியை எவரும் வைக்கவில்லை என்பதே குற்றம்.

2019-20இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன. பட்டு நெய்பவர் கூலி இதனினும் மேலானதாயினும், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் மகனைத் தடுத்து நிறுத்த அது போதவில்லை. தடுக்கத் தந்தைக்கும் மனமில்லை.

அரசு வாளாவிருக்கவில்லை என்பர். சேலை உள்ளிட்ட வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985இல் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06இல் கிட்டியது. எனினும் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டெனும் பெயரில் இன்றும் விலை போகிறது. 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2020இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. விழா எடுக்க ஒரு நாள் கிடைத்தது, முறையிட இருந்த வாசல் ஒன்று போயிற்று.

1953இல் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கியபோது, இவ்வூர் நெசவுக்குடியிற் பிறந்த அண்ணா தம் இயக்கத்தாரோடு தெருவில் இறங்கித் துணி விற்றார். அன்றைய துயரின் காரணம் வெளிப்படை. துணியை விற்றால் துயர் குறையும். இன்றோ இவ்வூர்க் காந்தி சாலைப் பட்டுக் கடைகளில் முகூர்த்தக் காலத்தில் நிற்க இடமில்லை. துணி விற்கிறது, நெய்தவர் மனம் தளர்கிறது. ஆகவே விற்பனையைப் பெருக்கும் தள்ளுபடியும் கண்காட்சியும் இந்நோய்க்கு மருந்தாகா. தள்ளுபடியின் பயன் பெரிதும் வாங்குவோரையே சேர்கிறது.

வேண்டுவன இரண்டே. கோர்வைச் சேலைக்கு நெய்பவர் கூலி, துணையாள் கூலி எனத் தனித்தனியே வகுத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் வழங்க வேண்டும். துணையாள் கூலி ஒரு குடும்பம் பிழைக்கும் அளவினதாக இருத்தல் வேண்டும். கடை தரும் ரசீதில் சேலை கைத்தறியா விசைத்தறியா, கோர்வையா அன்றா என எழுதப்படல் வேண்டும். கைத்தறிக்கு ஒதுக்கிய சேலையை விசைத்தறியில் நெய்வோர் மீது 1985ஆம் ஆண்டுச் சட்டம் தயக்கமின்றிப் பாய வேண்டும். அண்ணா பெயரைத் தாங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இவ்வூரிலேயே இருக்கிறது. துணையாள் கூலியை அடுத்த முகூர்த்தக் காலத்துக்கு முன் அச்சங்கமே தொடங்கிவைக்கலாம்.