பீரங்கிக்கு எட்டாதது, வியாழனுக்கு எட்டியது



லால்பேட்டையிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாராம். “ஆனால் எனக்கு அது புரியவே இல்லை. வீராணம் ஏரிக்கரையில் நின்றால் எதிர்க்கரை விளக்கு போட்டதுமே தெரிகிறது. இதற்கும் ஒரு வேகம் இருக்கிறது என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்?” இப்படிக் கேட்கும் பிள்ளைகள் எழுதும் கடிதங்களைப் படிப்பதைவிட ஓர் ஆசிரியருக்கு மகிழ்ச்சி வேறில்லை. இந்த மாதம் இந்தப் பக்கம் அவருக்கு.

கலிலியோவும் விளக்கில்தான் தொடங்கினார். இருவர் தொலைவில் நிற்க வேண்டும். ஒருவர் விளக்கைத் திறந்ததும் மற்றவர் தன் விளக்கைத் திறக்க வேண்டும். வீராணத்தின் ஒரு கோடியில் லால்பேட்டைப் பக்கம் ஒருவர், மறுகோடியில் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒருவர் நின்று செய்தாலும் இது பலிக்காது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியை ஒளி ஒரு நொடியில் பதினெட்டாயிரம் தடவைக்கு மேல் கடந்துவிடும். கண் பார்த்துக் கை அசைவதற்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுமே!

இதை நம் சென்னையில் நடந்த ஒரு வேலையை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் இருந்தார். 1820-21-இல் அவர் ஒலியின் வேகத்தை அளந்தார். பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிக்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து வெடியின் பளிச்சைப் பார்த்த கணம் முதல் சத்தம் காதில் விழும் கணம் வரை நேரம் குறிப்பார்கள். கூடவே வெப்பம், காற்றின் ஈரம், காற்றடிக்கும் திசை எல்லாம் ஏட்டில் ஏறும். பரங்கிமலை அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். சத்தம் வந்து சேர 26 நொடி அளவில் ஆகும். பளிச் வந்து சேர எவ்வளவு ஆனது? அதைச் சுழியம் என்றே அவர் வைத்துக்கொண்டார். வைத்ததில் தவறே இல்லை. உண்மையில் அது நொடியில் 33,000-இல் ஒரு பங்கு. அன்றைய எந்தக் கடிகாரமும் அதைப் பிடித்திருக்காது.

ஆனால் அதே கோல்டிங்ஹாம் இன்னொரு வேலையில் ஒளிக்கும் நேரக் கணக்கு வைத்தாக வேண்டியிருந்தது என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. சென்னையின் தீர்க்கரேகையை அவர் வியாழன் கோளின் நிலாக்களைப் பார்த்துக் கணித்தார். ஒரு நிலா வியாழனின் நிழலுக்குள் மறையும் நேரம் கிரீன்விச் நேரப்படி அட்டவணையில் அச்சாகியிருக்கும். சென்னையில் அது எத்தனை மணிக்கு மறைந்தது என்று பார்த்தால், இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகையைச் சொல்லிவிடும். அந்த அட்டவணையிலோ ஒளியின் பயண நேரம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. பூமி வியாழனை நெருங்கும் மாதங்களில் மறைவுகள் முந்தி வருகின்றன, விலகும் மாதங்களில் பிந்துகின்றன என்று கவனித்து, ஒளி வந்து சேர நேரம் எடுக்கிறது என 1676-இல் பாரிஸில் சொன்னவர் ஓலே ரோமர். பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 16 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இதில் 8 நிமிடம் கணக்குப் பிசகினால் 2 பாகை பிசகும். வரைபடத்தில் சென்னை கோலார் தங்கவயல் பக்கம் போய் நின்றிருக்கும்!

ஆக, மாணவி பார்த்ததும் சரி, பாடநூல் சொல்வதும் சரி. ஏரிக்கரை அளவில் ஒளி “உடனே” வருகிறது. தொலைவைக் கூட்டிக்கொண்டே போனால்தான் அந்த “உடனே” அவிழ்கிறது. லால்பேட்டை வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து வரும் வீடியோ அழைப்பைப் பாருங்கள். கடலடிக் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கம்பி வளைந்து 6,000 கிலோமீட்டர் வந்தாலும் நொடியில் 33-இல் ஒரு பங்குதான். பேச்சு திக்கினால் காரணம் பெரும்பாலும் இணைப்பும் கருவியும், ஒளி அல்ல. ரமலான் பிறை என்று நாம் பார்ப்பது ஒன்றேகால் நொடிக்கு முந்தைய பிறை. சூரியன் எட்டேகால் நிமிடப் பழசு.

2014 செப்டம்பர் 24 காலை மங்கள்யான் விண்கலம் செவ்வாயின் பிடிக்குள் நுழைந்தபோது, ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும் என்பதால், அங்கே நடந்தது இங்கே தெரிய சுமார் 12 நிமிடம் ஆனது. நடுவில் ஏதாவது கோளாறு என்றால் பெங்களூரிலிருந்து உடனே கைகொடுக்க வழியில்லை. அதனால் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் குழுவினர் கட்டளைகளை எல்லாம் முன்கூட்டியே கலத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

லால்பேட்டை மாணவிக்கு ஒரு வேண்டுகோள். வியாழன் இரவில் தெரியும் மாதங்களில், நல்ல பைனாகுலர் ஒன்றை ஆடாமல் சுவரில் ஊன்றிப் பாருங்கள். கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், அதிகபட்சம் நான்கு. அந்த ஒளி கிளம்பிச் சுமார் 35 முதல் 52 நிமிடம் ஆகியிருக்கும். தேதியும் மணியும் போட்டு, எந்தப் பக்கம் எத்தனை புள்ளி என்று படம் வரைந்து அனுப்புங்கள். மற்ற வாசகர்களும் அனுப்பலாம். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்