கருஞ்சீரகத்தின் மீது சுமத்தப்படும் பொய்கள்



ஈராண்டுகளுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு துண்டுச்சீட்டைப் படித்தேன். வாசலில் நபிவழி மருந்துகள் விற்கப்படுகின்றன, தேவையுள்ளோர் வாங்கிப் பயன்பெறலாம் என்பதே அதன் சாரம். வாசலில் நின்றவர் கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டியைக் காட்டி, இதை நாற்பது நாள் குடித்தால் சர்க்கரை நோய் வேரோடு போய்விடும், இனி ஆங்கில மருந்தே தேவையில்லை என்று கூறி விற்றதை நான் பின்னரே அறிந்தேன்.

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனுடைய தந்தை அன்று இரண்டு புட்டிகள் வாங்கினார். பத்தாண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வந்தவர். மறுநாளே அதை நிறுத்தினார். சில மாதங்களில் செருப்புக் கடித்த சிறு புண் ஆறாமல் அழுகியது. பாதத்தின் முன்பகுதியை மருத்துவர்கள் அகற்ற வேண்டியதாயிற்று. நலம் விசாரிக்கச் சென்ற என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: "ஹஜ்ரத், நபிகளாரின் சொல் பொய்யாகுமா? ஆகாதென்றால் குறை என் ஈமானில்தானே?"

அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. விற்றவருக்குக் காசு கிடைத்தது. வாங்கியவரோ காலையும் இழந்தார், மன நிம்மதியையும் இழந்தார். சீட்டைப் படித்தவன் நான். ஆகவே இக்கட்டுரையைப் பிறரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் என் தவ்பாவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஹதீஸைப் பார்ப்போம். கருஞ்சீரகத்தில், மரணம் நீங்கலாக நோய்களுக்கு நிவாரணம் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஆதாரபூர்வமாகப் பதிவாகியுள்ளது. அதில் நமக்கு எவ்வித ஐயமும் இல்லை. ஆனால் ஒரு ஹதீஸை ஏற்றுக்கொள்வது வேறு. வியாபாரி அதற்குத் தரும் விளக்கத்தை ஏற்றுக்கொள்வது வேறு.

அல்கத்தாபி போன்ற முற்கால விரிவுரையாளர்கள், இங்கே சொல் பொதுவாக இருப்பினும் கருத்து குறிப்பிட்ட சில நோய்களையே சாரும் என்று விளக்கியுள்ளனர். இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் தமது ஸாதுல் மஆதில் இதற்குக் குர்ஆனிலிருந்தே ஒப்புமை காட்டுகிறார்கள். ஆத் கூட்டத்தாரை அழித்த காற்று அனைத்தையும் அழித்ததாகக் கூறும் அதே வசனம், அவர்களின் வீடுகள் எஞ்சியிருந்ததையும் கூறுகிறது. அழிவை ஏற்கக்கூடிய அனைத்தையும் என்பதே அங்கே பொருள். பொதுப்பொருளிலேயே இந்த ஹதீஸை எடுத்துக்கொண்ட அறிஞர்களும் உண்டு. அவர்களுங்கூட, நோய்க்கேற்பத் தனியாகவோ கலந்தோ, உண்ணவோ பூசவோ, வகையறிந்து பயன்படுத்த வேண்டும் என்றே கூறினர். அன்றாட மாத்திரையை எறிந்துவிடச் சொன்னவர் அவர்களில் ஒருவருமில்லை.

புகாரியில் இச்செய்தியோடு வரும் நிகழ்ச்சி ஒன்றை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. பயணத்தில் நோயுற்று மதீனா வந்து சேர்ந்த ஃகாலிப் பின் அப்ஜர் என்பவரைக் காண வந்த இப்னு அபீ அதீக், ஐந்து அல்லது ஏழு கருஞ்சீரக விதைகளை இடித்து, எண்ணெயில் கலந்து, மூக்கில் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். அந்த நோய் சளித் தொல்லையாக இருந்திருக்கலாம் என்பது விரிவுரையாளர்களின் கருத்து. ஒரு நோயாளி, ஒரு நோய், ஓர் அளவு, ஒரு முறை. முன்னோர் ஹதீஸைச் செயல்படுத்திய விதம் இத்தகையது. நம் வாசலில் விற்ற புட்டியிலோ புற்றுநோய் முதல் மூட்டுவலி வரை ஒரே மூடிக்குள் அடங்கியிருந்தது.

அடுத்து, நவீன ஆய்வுகள். விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. என்ன நிரூபித்தது என்று கேட்டால் பதில் வராது. எனவே ஓர் ஆய்வையேனும் திறந்து பார்ப்போம். சவூதி அரேபியாவில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 94 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு 1, 2 அல்லது 3 கிராம் கருஞ்சீரகம் உட்கொண்டனர். 2 கிராம் உட்கொண்ட குழுவில் மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 3 கிராம் கொடுத்தும் அதற்கு மேல் பயன் கூடவில்லை.

நல்ல செய்திதான், நானும் மகிழ்கிறேன். ஆனால் விளம்பரம் மறைப்பது இதுதான்: அந்த 94 பேரும் தங்கள் மாத்திரைகளை உட்கொண்டவாறே கருஞ்சீரகத்தையும் சேர்த்துக்கொண்டவர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு விதையை மட்டும் தந்த குழு ஒன்றுகூட அதில் இல்லை. மருந்துடன் சேர்த்துத் தந்து பார்த்த ஆய்வை, மருந்துக்குப் பதிலாகத் தரலாம் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது பொய்யன்றி வேறென்ன? புற்றுநோயைக் குறித்த செய்திகளும் இத்தகையனவே. கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் என்ற பொருள் பற்றிப் பரப்பப்படுவனவற்றில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டிலும் எலிகளிலும் கண்டவை. தட்டிலுள்ள அணுக்கள் வேறு, மனித உடல் வேறு.

"மருத்துவக் கம்பெனிகளும் வியாபாரிகள்தாமே, அவர்களை மட்டும் நம்புவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நம்ப வேண்டாம், சான்று கேளுங்கள் என்பதே என் பதில். இரு தரப்பாரிடமும் ஒரே தராசைப் பிடியுங்கள். சர்க்கரை நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வரலாறும் ஒரு மூலிகையில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் நாட்டு மருந்தாக இருந்த கலேகா என்னும் செடியின் வேதிப்பொருள் அதற்கு வழிகாட்டியது. 1922-இல் அது ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டது. 1957-இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குத் தந்த முடிவுகளை வெளியிட்டார். பின்னர் பிரிட்டனில் 5,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைப் பத்தாண்டளவில் தொடர்ந்து கவனித்த பெரும் ஆய்வில் அதுவும் சோதிக்கப்பட்டு, 1998-இல் முடிவுகள் வெளியாயின. ஒரு செடியின் வழி வந்த மருந்து இத்தனை வாசல்களைக் கடந்து நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. வாசலில் விற்ற புட்டி எந்த வாசலைக் கடந்தது?

இப்படிச் சோதிப்பது மேற்கத்தியரின் வழி, நமக்கு எதற்கு என்பாரும் உளர். சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராயிருந்த அபூபக்ர் அர்ராஸீ, மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் தென்பட்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குக் குருதி வாங்கும் சிகிச்சை அளித்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அச்சிகிச்சையின்றி விட்டு, இரண்டையும் ஒப்பிட்டதாகத் தம் அல்ஹாவீயில் குறித்துள்ளார். சிகிச்சை பெறாதவர் நிலை என்னவென்று தெரியாமல், பெற்றவர் அதனால்தான் குணமானார் என்று கூற முடியாது என்ற அறிவு நம் மருத்துவமனைகளில் அன்றே இருந்தது. இன்றோ, "என் மச்சானுக்குக் கேட்டது" என்ற ஒற்றைச் சொல்லை ஆதாரமாக ஏற்கிறோம்.

மதரஸாவில் நாங்கள் மாணவருக்கு முதலில் கற்பிப்பது என்ன? யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது, அவர் நம்பகமானவரா என்று வினவுவதுதான். அறிவிப்பாளர் தொடரில் ஒருவர் விடுபட்டாலும் அந்தச் செய்தியைப் பலவீனமானது என்று ஒதுக்குகிறோம். நம்பகமற்றவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. இத்தனையும் கற்ற நாம், எழுதியவர் பெயரே இல்லாத வாட்ஸ்அப் செய்தியை 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லி அடுத்தவருக்கு அனுப்புகிறோம். உடலைக் குறித்த செய்திக்கு ஸனது தேவையில்லை என்று நமக்கு யார் சொன்னது?

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. ஃபிக்ஹ் அறிஞர்கள் இதனடிப்படையில் இழப்பீட்டுச் சட்டமே வகுத்தார்கள். நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. மார்க்கமும் சட்டமும் தடுப்பதைப் பள்ளிவாசல் வாசலில் நாம் அனுமதிக்கிறோம்.

ஆகவே முத்தவல்லிகளையும் இமாம்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பள்ளியின் ஒலிபெருக்கியையும் வாசலையும் நோய் தீர்ப்பதாகக் கூறும் எந்த வியாபாரத்துக்கும் தராதீர்கள். குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்: கருஞ்சீரகத்தைப் பரக்கத்தை நாடி உண்ணுங்கள், உணவில் சேருங்கள். சர்க்கரைக்கு மருந்து உட்கொள்பவராயின், எண்ணெயாகவோ பொடியாகவோ தொடர்ந்து உட்கொள்ளுமுன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தவும் கூடும். மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். அங்கே இரண்டாம் வாய்ப்புக் கிடைக்காமலும் போகலாம்.

அந்தச் சகோதரருக்கு நான் அன்று சொன்ன பதில் இதுதான்: "நபிகளாரின் சொல் பொய்யாகவில்லை. உங்கள் ஈமானிலும் குறையில்லை. நபிகளார் சொல்லாததை அவர்கள் பெயரால் உங்களிடம் விற்றார்கள். அதை ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். என்னை மன்னியுங்கள்." அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அடுத்த ஜும்ஆவில் இதையும் அறிவித்துவிடுங்கள், ஹஜ்ரத்" என்றார். அறிவித்தேன். இன்று இங்கும் எழுதிவிட்டேன்.

நம் நாவுகளைப் பொய்யிலிருந்தும், நம் உடல்களை நோயிலிருந்தும், நம் மார்க்கத்தை அதை விற்றுப் பிழைப்போரிடமிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.