தவணை தவறும் சிகிச்சை

கடன் பேரேட்டில் தவணை தவறிய அங்கத்தினரைக் குறித்து நம் சங்கங்களில் வழக்கமாக ஒரு பேச்சு உண்டு: "மனமிருந்தால் கட்டமாட்டாரா?" சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றுவரும் அங்கத்தினர் ஒரு முறை போகாது நின்றுவிட்டாலும் இதே பேச்சுத்தான் எழுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கணக்குப் பார்க்கச் செல்லுமிடங்களில் இதனைப் பன்முறை செவியுற்றிருக்கிறோம். இப்பேச்சில் பாதி தவறு என்பது நமது கருத்து. மீதிப் பாதியையும் மறைக்கப் போவதில்லை.

1943-ல் ஹாலந்து நாட்டு வைத்தியர் வில்லெம் கோல்ஃப், செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இன்றைய வடிகலத்திலோ பாவு நூல் போன்ற நுண்ணிய இழைகள் சுமார் 10,000 உண்டு. ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ளது. இரத்தம் இழைகளுக்குள் ஓட, வெளிப்புறத்தில் திரவம் எதிர்த்திசையில் ஓடிக் கழிவை வாங்கிக்கொள்கிறது. ஒரு முறைக்கு 4 மணி நேரமும், ஏறத்தாழ 120 லிட்டர் திரவமும் செலவாகின்றன. வாரம் மூன்று முறை செய்வதே முறை. நம் நாட்டில் இரண்டு முறையோடு நிற்போர் பலர்.

இயற்கைச் சிறுநீரகம் இரவு பகல் ஓயாது செய்யும் வேலையை வாரத்தில் 12 மணி நேரத்திற்குள் அடக்கப் பார்க்கிறோம். ஒரு முறை விட்டால் இரண்டு நாள் இடைவெளி நான்கைந்து நாளாகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. பின்னது மிகக் கொடியது. வலியோ காய்ச்சலோ காட்டாமலே இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். 2003-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, மாதம் ஒரு முறையேனும் சிகிச்சையைத் தவறவிட்டோரிடம் மரண அபாயம் 30 சதவீதம் மிகுந்திருக்கக் கண்டது. "நாலு முறை போனேன், உடம்பு தேறிவிட்டது" என்று நிறுத்துவோரும், "இயந்திரத்தில் ஒரு முறை படுத்தால் பிறகு விடாது" என்று அஞ்சுவோரும் இதனை அறிதல் வேண்டும். விடாதிருப்பது இயந்திரத்தின் குற்றமன்று. சிறுநீரகம் அற்றுப்போனதன் விளைவு.

உணவிலும் அவ்வாறே. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பு தாகத்தை வளர்க்கும். குடித்த நீர் வெளியேற வழியின்றி உடம்பில் தங்கும். நோயாளியைக் காண வருவோர் அன்போடு கொணரும் இளநீரும் வாழைப்பழமும் இவர்களுக்குப் பெரும்பாலும் ஆகாதவை. இவையெல்லாம் அங்கத்தினரும் அவர் குடும்பத்தாரும் பேணவேண்டியவை. இவற்றில் சங்கம் செய்வதற்கு அதிகமில்லை.

ஆனால் வராமற்போன நாட்களின் காரணத்தை விசாரித்தால் கணக்கு வேறாக இருக்கிறது. மாவட்டத் தலைநகர்களில் அரசு ஆஸ்பத்திரிகள் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. 2016-17 மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிசிஸ் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆகவே செலவில்லை என்பர். வாரம் மூன்று நாள் என்றால் ஆண்டுக்கு 156 நாள். துணைக்கு மனைவியும் செல்வதால் 312 ஆட்கூலி. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்துத் தறி வீடுகளில் தார் சுற்றுபவர் அவ்வம்மையாரே. அவர் பேருந்தில் இருக்கையில் தறியும் நிற்கும். இதன்மேல் பேருந்துக் கட்டணம், வெளிச் சாப்பாடு. தீபாவளிச் சரக்கு நெருக்கும்போதும், பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அறுவடைக்கு வரும்போதும் சிகிச்சை நாளே முதலில் வெட்டுப்படுகிறது. இதனை மனமில்லாமை என்று எங்ஙனம் கூறுவது?

சிறுநீரக நோயாளிக்கும் துணைவருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை தருகிறது, அரியலூரார் பயன்படுத்தலாம். பெரம்பலூர் நகருக்கோ இரயிலே இல்லை! வயிற்றினுள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதற்கான பைகளை இல்லத்திற்கே வழங்க ஏற்பாடு செய்தது. நாள்தோறும் மூன்று நான்கு முறை மாற்றவேண்டும். பஞ்சுத் தூசு பறக்கும் தறிக்கூடத்தில் கூடாது, தனியறை வேண்டும். அறை உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டறிதல் நலம்.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியவை சில உள. உபவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து பயணச் செலவுக்கு ஒதுக்கலாம். கடன் தவணையை இத்தகையோர்க்கு மாற்றியமைக்கத் தீர்மானிக்கலாம். இரத்த நாளங்களை இணைத்து ஊசிக்கு வழி செய்த கையில் பளு தூக்கலாகாது. ஆதலால் நூல் கட்டைச் சங்க ஆளே வீட்டில் சேர்க்கலாம். பாவு கொடுக்கையில் வாரத்திற்கு நான்கு நாள் வேலையே கணக்கிட்டுக் கெடு வைக்கலாம். இதற்குப் புதிய பதிவேடு எதுவும் வேண்டுவதில்லை. பாவு விநியோகப் பதிவேட்டில் அவர் பெயருக்கெதிரே சிகிச்சை நாட்களைக் குறித்து வைத்தால் போதும்.