மருந்து என்னும் பெயரும் இளைஞர் மனமும்

அரசு ஒரு பொருளை அனுமதிக்கும்போது, அப்பொருளைப் பற்றி மக்கள் கொண்டுள்ள எண்ணமும் மாறுகிறது. பெரியவர்கள் சட்டத்தின் நிபந்தனைகளைப் படிப்பார்கள். பிள்ளைகளின் செவியிலோ "அனுமதி" என்னும் ஒரு சொல்லே விழுகிறது. அமெரிக்காவில் கஞ்சா மருந்தாக ஏற்கப்பட்ட வரலாறு இதனை நமக்கு உணர்த்துகிறது.

1996-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநில மக்கள், மருத்துவரின் பரிந்துரையின்பேரில் நோயாளிகள் கஞ்சாவைப் பயன்படுத்தலாம் என்று வாக்களித்துச் சட்டமாக்கினர். புற்றுநோயாலும் எய்ட்ஸ் நோயாலும் துன்புறுவோர் மீதுள்ள இரக்கமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இன்று ஏறத்தாழ 40 மாநிலங்களில் இத்தகைய சட்டம் உள்ளது. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் மேலும் ஒரு படி சென்று, 21 வயது நிரம்பியவர்கள் நோயின்றியும் அதனைப் பயன்படுத்தலாம் என்று வழிவிட்டன.

"இனிப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் கஞ்சாவுக்கு அடிமையாவர்" என்று அன்று பலர் அஞ்சினர். உண்மையை மறைக்காமல் கூறுவதானால், அவ்வாறு நிகழவில்லை. 1991 முதல் 2014 வரை, பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2015-இல் தம் முடிவை வெளியிட்டனர். மருத்துவக் கஞ்சாச் சட்டம் இயற்றிய மாநிலங்களில் மாணவரிடையே பழக்கம் மிகுந்திருந்தது மெய்யே. ஆயின் சட்டம் வருமுன்னரே அது அங்கு மிகுந்திருந்தது; சட்டத்திற்குப் பின் அது உயர்ந்ததாகக் காணப்படவில்லை.

அப்படியாயின் கவலைக்கு இடமில்லையா? உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் மாணவர்களிடம் வினவி வருகிறது. கஞ்சாவைத் தொடர்ந்து பயன்படுத்துவது பேராபத்து என்று கருதிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், 1991-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேர். 2017-இல் அவ்வாறு கருதியவர் 29 பேரே! இம்மாற்றத்திற்குச் சட்டம் மட்டுமே காரணமென்று கூறிவிட இயலாது. எனினும், 2009-க்குப் பின் மருத்துவக் கஞ்சாக் கடைகள் பெருகிய கொலராடோவில், அத்தகைய சட்டமில்லாத மாநிலங்களைவிட இளையோரின் அச்சம் மிகுதியாகக் குறைந்தது என்று ஆய்வு கூறுகிறது.

நோயாளிக்கென்று கொடுக்கப்பட்டது நோயாளியோடு நின்றதா என்றால், அதுவும் இல்லை. கொலராடோவின் டென்வர் பகுதியில், போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்ற 164 இளையோரிடம் வினவினர். பிறருக்காகப் பெறப்பட்ட மருத்துவக் கஞ்சாவைத் தாம் பயன்படுத்தியதாக 121 பேர் கூறினர். இது பழக்கத்தில் விழுந்துவிட்ட பிள்ளைகளின் கணக்கு. எல்லாப் பிள்ளைகளின் கணக்கன்று. ஆயினும் மருந்து எங்ஙனம் கைமாறுகிறது என்பதை இது காட்டுகிறது.

பள்ளி வயதில் அச்சம் அகன்ற மனம், தடையற்ற வயதில் என்ன செய்யும்? 19 முதல் 30 வயது வரையுள்ள அமெரிக்கரில் நாள்தோறும் கஞ்சாவைப் பயன்படுத்துவோர் 2011-இல் நூற்றுக்கு 6 பேர். 2021-இல் 11 பேர். பொருளின் வலிமையும் பெருகிவிட்டது. அந்நாட்டில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில், போதையூட்டும் டி.எச்.சி. 1995-இல் நூற்றுக்கு 4 பங்கு அளவே இருந்தது. அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 15 பங்காக உயர்ந்துள்ளது. மனித மூளையோ இருபத்தைந்து வயதளவும் வளர்ந்துகொண்டிருப்பது.

மருந்தென்பது பொய்யன்று. கடும் வலிப்பு நோயுற்ற குழந்தைகளுக்காக, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியால் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2018-இல் ஏற்றது. அது போதை தருவதன்று. அளவிட்டு, மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படுவது. அதனைச் சான்றாகக் காட்டிப் புகைச்சுருளை நியாயப்படுத்துவது அறிவுடைமையாகாது.

இவ்விடத்தில் திருமறையின் நீதியை எண்ணிப் பார்க்க வேண்டும். மதுவிலும் சூதிலும் பயனே இல்லை என்று அது கூறவில்லை. பயன் இருப்பதை ஒப்புக்கொண்டே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று எடை போட்டுக் காட்டுகிறது (2:219). ஹஷீஷ் என்ற பெயரில் இதே கஞ்சா பரவிய காலத்தில், 1392-இல் மறைந்த இமாம் ஸர்கஷீ அவர்கள் அது விலக்கப்பட்டதென நிறுவத் தனி நூலே எழுதினார்கள். நிர்ப்பந்தம் நேரும்போது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படலாம். ஆயின் அவ்வனுமதி தேவையின் அளவைத் தாண்டாது என்பது ஷரீஅத்தின் நெறி. நோயாளியின் நிர்ப்பந்தம் நலமாயிருப்பவனுக்கு உரிமையாகாது.

பெற்றோரே! கடல் கடந்த செய்திகள் இன்று உங்கள் பிள்ளையின் கைப்பேசிக்கு நொடியில் வந்து சேர்கின்றன. "அதை மருந்தென்று அமெரிக்காவிலேயே ஏற்றுக்கொண்டார்களே, வாப்பா?" என்று அவன் ஒருநாள் கேட்கக்கூடும். "பொய்" என்று அதட்டி அனுப்பிவிடாதீர்கள். அது பொய்யன்று என்பதை அவன் மறுகணமே அறிந்துகொள்வான்; பிறகு நீங்கள் கூறும் மெய்யையும் நம்பமாட்டான். அருகில் அமர்த்தி, யாருக்கு மருந்து, எவ்வளவு மருந்து, யாருக்கு நஞ்சு என்பதை எடுத்துரையுங்கள். இறைவன் ஏன் விலக்கினான் என்பதையும் விளக்குங்கள். காரணம் அறிந்து விலகுபவன், நீங்கள் காணாத இடத்திலும் விலகியே நிற்பான்.

நம் பிள்ளைகளின் அறிவையும் ஈமானையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.