சாணம் இருக்க சிலிண்டர் எதற்கு?

பால் விற்ற பணம் வீட்டுக்கு வருகிறது. அதில் ஒரு பங்கு சமையல் எரிவாயு சிலிண்டருக்குப் போய்விடுகிறது. பால் கொடுத்த மாட்டின் சாணமோ வறட்டியாகி வெந்நீர் அடுப்பில் எரிகிறது. அல்லது குப்பைமேட்டில் வெயிலில் காய்கிறது. பிறகு வயலுக்கு உரம் வாங்க மறுபடியும் கைக்காசு. நான்கு மாடு கட்டியிருக்கும் வீட்டில் இந்த நட்டம் தேவையில்லை என்பதே என் கருத்து.

சாண எரிவாயுக் கலன் என்று சொன்னாலே, "அதெல்லாம் பார்த்தாயிற்று ஐயா, குழிதான் மிச்சம்" என்று விவசாயிகள் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 1981-82-ல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் தொடங்கியபின் கலன்கள் ஏராளமாகக் கட்டப்பட்டன. எத்தனை கட்டினோம் என்று கணக்கெடுத்த அக்கறையை, எத்தனை அடுப்பு தொடர்ந்து எரிகிறது என்று பார்ப்பதில் விரிவாக்கப் பணியில் உள்ள நாங்கள் காட்டவில்லை. ஆகவே இம்முறை கணக்கை முதலில் பார்ப்போம்.

ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பச்சைச் சாணம் தேவை. வளர்ந்த மாடு ஒன்று தரும் சாணத்தைப் பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு ஒன்றரை கன மீட்டர் வேண்டும். அதற்கு நான்கு மாடுகளாவது தொழுவத்தில் கட்டி இருக்க வேண்டும். பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணம் பாதிதான் கைக்கு வரும். ஒரு கன மீட்டர் வாயு, சிலிண்டர் வாயுவில் சுமார் 0.43 கிலோவுக்குச் சமம். நன்றாக ஓடும் கலன் மாதம் ஒரு 14.2 கிலோ சிலிண்டரை மிச்சப்படுத்தும். இரண்டே மாடு வைத்திருப்பவர் மானியத்துக்காகக் கலன் கட்ட வேண்டாம்.

பழைய கலன்கள் நின்றதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். இரும்புக் கொப்பரை துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. ஆண்டுக்கொரு முறை வர்ணம் பூசியிருந்தால் நீடித்திருக்கும். 1984-ல் வந்த தீனபந்து வகையில் கொப்பரையே கிடையாது; ஆனால் கூரையில் கீறல் விடாமல் கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும். குழாயில் நீர் தேங்கி வாயு தடைப்பட்டதை, வாயுவே வரவில்லை என்று எண்ணிக் கைவிட்டவர்களும் உண்டு. தேங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து, வைக்கோலும் மண்ணும் நீக்கி, தினமும் ஊற்ற வேண்டும். சோப்பு நீரும் பினாயிலும் உள்ளே போனால் வாயு குறைந்துவிடும். சிலிண்டர் அடுப்பை அப்படியே பொருத்தினால் சரியாக எரியாது. சாண எரிவாயுவுக்கென்று உள்ள அடுப்பே வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய குழியைச் சீர்செய்ய எண்ணுவோர் மூடியைத் திறந்து உள்ளே இறங்கவே கூடாது. அங்குள்ள வாயு நொடியில் உயிரைப் பறிக்கும். அனுபவமுள்ளவரைக் கொண்டு வெளியிலிருந்தே கூழை இறைக்க வேண்டும்.

அடுப்பு எரிவது பாதி லாபம்தான். மறுபாதி வயலில் இருக்கிறது. வறட்டியை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. கலனிலிருந்து வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும்தான். தழை, மணி, சாம்பல் சத்துகள் கூழிலேயே தங்குகின்றன. ஆனால் கூழை வெயிலில் காயவிட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். நிழலான குழியில் சருகும் குப்பையும் பரப்பி, அதன்மேல் கூழைவிட்டு மட்கச் செய்வது நல்லது. பாசன நீரோடு நேரே வயலுக்கும் விடலாம்.

மாடு இல்லாத வீட்டாரும் எரிபொருளை மிச்சம் பிடிக்கலாம். பருப்பையும் பயறையும் ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் வேகவையுங்கள். பாத்திரத்தை மூடி வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள்.

கலன் கட்டுவது ஒரு வாரத்து வேலை அல்ல, தினசரிப் பழக்கம். அந்தக் கரைசலைத் தினமும் கரைக்கப்போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். ஆகவே குழி தோண்டும் முன் அவர்களைக் கேளுங்கள். கலவைத் தொட்டி தொழுவத்துக்கு அருகே இருக்க வேண்டும், தண்ணீர் கைக்கெட்ட வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கட்டிய கலன் நின்றுபோகாது.