திரையைப் பாருங்கள், துளையைப் பாருங்கள்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் 2021ஆம் ஆண்டு முதல் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் உண்டு. அதில் எது என்பதைப் பள்ளியே தேர்ந்தெடுத்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் நமக்கு அந்தக் கவலையை யாரும் குறைப்பதில்லை. டேப்லட் வாங்கப் போனால் கடைக்காரர்தான் நமக்காக முடிவெடுக்கிறார்!

ஜொகூரிலிருந்து வந்து படிக்கும் எனக்கு இது சின்ன விஷயமன்று. அப்பாவின் சம்பளம் ரிங்கிட்டில், விலையோ வெள்ளியில். வாங்கும் பொருள் நான்கு ஆண்டு உழைத்தாக வேண்டும். முஸ்தபாவிலும் சிம் லிம் ஸ்குவேரிலும் ஏறி இறங்கினேன். கேமரா, சிப், நினைவகம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அவையெல்லாம் பெட்டியிலேயே அச்சாகியிருக்கின்றன. அச்சாகாதவற்றைத்தான் நாம் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தியாவின் 'ஆகாஷ்' டேப்லட்டை நினைத்துப் பாருங்கள். 2011 அக்டோபரில் மாணவர்களுக்காக வெளியிட்டார்கள். அரசுக்கு ஆன விலை ஏறத்தாழ 50 அமெரிக்க வெள்ளி. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன் 7 அங்குலத் திரை, அழுத்தினால் மட்டுமே வேலை செய்யும் வகை. மறு ஆண்டே வந்த 'ஆகாஷ் 2'இல் விரல் பட்டாலே உணரும் திரையாக மாற்றிவிட்டார்கள். ஒலி அட்டையில் உலகப் புகழ் பெற்ற இவ்வூர் கிரியேட்டிவ் நிறுவனமும் 2010இல் தன் 7 அங்குல 'ஸீயோ'வில் அதே அழுத்துத் திரையைத்தான் வைத்தது.

ஆகாஷ் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 133 புள்ளிகள். இன்றைய ஐபேடில் 264. ஆங்கில எழுத்துக்குக் குறைந்த புள்ளிகள் போதலாம், தமிழுக்குப் போதாது. 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும். ஆகவே கடையில் படம் பார்க்காதீர்கள். ஒரு தமிழ் நாளிதழின் முழுப் பக்கத்தைத் திறந்து, பெரிதாக்காமல் படியுங்கள். பேனா கொடுத்தால் 'ஐ' எழுதிப் பாருங்கள். விலை குறைந்த வகைகளில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும். பேனா ஓரிடத்திலும் கோடு இன்னோரிடத்திலும் விழுவதுபோல் தோன்றும். பிறகு இரு மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்குங்கள். கிறீச்சிட்டாலோ திரையில் நீரலைபோல் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது துளைதான். இப்போது எல்லாம் யுஎஸ்பி-சி. வடிவம் ஒன்று, வேலை வேறு. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் அதன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். ஐபேட் புரோவில் அதே வடிவத் துளை 40 கிகாபிட் வரை போகும். மலிவான பல டேப்லட்டுகளில் அத்துளை வழியாகப் படமே வெளியே வராது. காதணி ஒலிக்கருவிக்கு இருந்த தனித்துளையும் பலவற்றில் போய்விட்டது. (ஆகாஷில் யுஎஸ்பி துளை இரண்டு இருந்தன!)

"எல்லாம் ஒண்ணுதான் தங்கச்சி" என்றார் ஒரு கடைக்காரர்.

"வயர் கொண்டாந்திருக்கேன் அண்ணே, அந்த டிவியில சொருகிப் பாக்கலாமா?"

சொருகினோம். டிவி கறுப்பாகவே இருந்தது. விரிவுரை மண்டபத்தில், படைப்பு நடத்தும் நாளில், இது நடந்திருந்தால்?

சங்கத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் டேப்லட் வாங்கப் போகும்போது கூப்பிடுங்கள். சனிக்கிழமை என்றால் வயரோடு வருகிறேன். தேக்காவில் ஒரு தே தாரிக் வாங்கித் தந்தால் போதும்.