மாவட்டம் 2022-ல் பிரிந்தது. பணிமூப்போ 1975-ன் எல்லையில்: திருப்பதி, சித்தூர் அரசு ஊழியர்களின் பதவி உயர்வுச் சிக்கல்

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் 13 மாவட்டங்கள் 2022 ஏப்ரல் 4 அன்று 26 ஆக மறுசீரமைக்கப்பட்டபோது, சித்தூர் மாவட்டத்தின் திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி பகுதிகளுடன் நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், சூலூர்பேட்டை பகுதிகளும் இணைந்து திருப்பதி மாவட்டம் உருவானது. புதிய ஆட்சியர் அலுவலகம் திறக்கப்பட்டது, ஊழியர்களும் அனுப்பப்பட்டனர். ஆனால் அவர்களின் பணிமூப்பு அவர்களுடன் வரவில்லை.

அடுத்தடுத்த மேசைகளில் பணிபுரியும் இரு இளநிலை உதவியாளர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சித்தூரில் நியமனம் பெற்றவர், மற்றவர் கூடூரிலிருந்து வந்தவர். இருவருக்கும் ஆட்சியர் ஒருவரே. எனினும், முதலாமவரின் பெயர் பழைய சித்தூர் மாவட்டப் பட்டியலிலும், இரண்டாமவரின் பெயர் நெல்லூர் பட்டியலிலும் நீடித்தன. மண்டல அளவிலான பதவிகளுக்கு உயரும்போது இடைவெளி இன்னும் விரிகிறது. சித்தூர், கடப்பா, அனந்தபூர், கர்னூல் ஆகியவை நான்காம் மண்டலம். நெல்லூர், பிரகாசம், குண்டூர் ஆகியவை மூன்றாம் மண்டலம். ஒரு மாவட்டத்தின் ஊழியர்கள் இரு மண்டலங்களில் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் நிலை இப்படித்தான் ஏற்பட்டது.

இதன் வேர் 1975-ல் உள்ளது. முல்கி விதிகளை முன்வைத்து 1969-ல் தெலங்கானாவிலும், 1972-ல் ஆந்திரப் பகுதியிலும் எழுந்த போராட்டங்களுக்குப் பின், 1973 செப்டம்பரில் ஆறு அம்சத் திட்டம் ஏற்கப்பட்டது. அதைச் செயல்படுத்த அரசியல் சாசனத்தில் 371-டி பிரிவு சேர்க்கப்பட்டு, 1975 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது. மாவட்ட அளவிலான கீழ்நிலைப் பதவிகளில் 80 சதவீதமும், மண்டல அளவிலான அரசிதழ் பதிவு பெறாத பதவிகளில் 70 சதவீதமும், குறிப்பிட்ட சில அரசிதழ் பதவிகளில் 60 சதவீதமும் உள்ளூர் விண்ணப்பதாரர்களுக்கு என அது வரையறுத்தது. எஞ்சிய இடங்கள் வெளியூராருக்கான ஒதுக்கீடு எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அவை அனைவருக்கும் பொதுவானவை.

சிக்கலின் மையம் அதிகாரப் பங்கீட்டில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு மாவட்ட அமைப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசு ஓர் அறிவிக்கை மூலம் மாவட்ட எல்லையை மாற்றிவிடலாம். பணித்தொகுதியின் எல்லையை மாற்ற குடியரசுத் தலைவரின் ஆணை தேவை. எனவேதான் 2022-ல் ஊழியர்கள் 'பணியாற்றுவதற்கான ஆணை' என்ற தற்காலிக ஏற்பாட்டில் புதிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டனர். 2025-ல் 16,347 ஆசிரியர் பணியிடங்களுக்கு வெளியான அறிவிக்கையும் பழைய 13 மாவட்டங்களின் அடிப்படையிலேயே அமைந்தது.

அதே காலத்தில் வேறொரு தடையும் சேர்ந்தது. 2022 ஜனவரி முதல் ஓய்வு வயது 60-லிருந்து 62 ஆனது. அடுத்த இரு ஆண்டுகளில் வயது முதிர்வால் உருவாகும் காலியிடங்கள் ஏறக்குறைய நின்றுபோயின. மேலே இருப்பவர் நகராவிட்டால் கீழே இருப்பவரும் நகர முடியாது. மாநிலத்தில் பதவி உயர்வுப் பட்டியல் ஆண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிவதால், ஒரு பட்டியலைத் தவறவிட்டவர் அடுத்ததற்காகக் காத்திருக்க நேரிடும்.

தமிழக எல்லையோரக் குடும்பங்களுக்கு இந்த ஆணையில் கவனிக்க வேண்டிய மற்றொரு விதி உண்டு. பிறந்த ஊரோ தாய்மொழியோ அல்ல, தகுதித் தேர்வு வரையிலான தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகளை எங்கே படித்தார் என்பதே உள்ளூர் தகுதியைத் தீர்மானிக்கிறது. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று நகரியில் வசிக்கும் மாணவர் அந்த நான்கு ஆண்டுகளைத் திருத்தணிப் பள்ளியில் கழித்தால், சொந்த மாவட்டத்திலேயே உள்ளூர் விண்ணப்பதாரர் ஆகமாட்டார். தமிழ்வழிக் கல்விக்காக எல்லை தாண்டும் பெற்றோர் பலர் இதை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அறிகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

ஆணையைத் திருத்த முடியாது என்பதல்ல. பிரிவினைக்குப் பின் தெலங்கானாவிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கு உள்ளூர் தகுதி வழங்க 2016-ல் அது திருத்தப்பட்டது. தெலங்கானாவோ 2016-ல் மாவட்டங்களை 31 ஆக்கி, 2018-ல் புதிய ஆணையையே பெற்றது. உள்ளூர் பங்கு 95 சதவீதம் ஆனது. ஆனால் 2021 டிசம்பரில் அரசாணை 317-ன்படி ஊழியர்கள் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டபோது, பணிமூப்பில் பின்தங்கியோர் சொந்த மாவட்டத்தை இழந்தனர். ஆசிரியர்கள் வீதிக்கு வந்தனர்.

திருப்பதியில் இந்தக் கணக்கு இன்னும் கடினம். மூன்றாம், நான்காம் மண்டலப் பட்டியல்களை ஒன்றாக்கும் எந்தத் திருத்தமும், பணியில் சேர்ந்த நாளையா, தற்போதைய பதவி நிலையை அடைந்த நாளையா அடிப்படையாகக் கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும். விரைவாக உயர்வு கிடைத்த மாவட்டத்தவருக்கு இரண்டாவது வழி சாதகம். நீண்டகாலம் தேங்கியவருக்கு முதலாவது. விருப்ப மாற்றம் கோரும் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே, ஒருங்கிணைந்த வரைவுப் பட்டியலில் தம் இடம் எது என்பது ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெலங்கானாவில் எழுந்த மனக்குறைகளில் பெரும்பகுதி, ஒதுக்கீட்டுக்குப் பிறகே வெளிப்பட்டது.